வலது விலாவுக்குக் கீழை

றொசாந்தி: அங்கை இல்லை மச்சாள்... விரலை வைச்சுக் காட்டுங்கோ. எதிலை நோகுது?

யசிந்தா: எடியே, எட்டு மாச வயிறு, எல்லா இடமுந்தான் நோகும். உன்னை நேர்சிங் படிக்க விட்டாலும் விட்டம், வீட்டிலை ஒருத்தரும் தும்ம ஏலாது.

றொசாந்தி: விரல்...

யசிந்தா: இந்தா. வலது விலாவுக்குக் கீழை. வாயு. மாமி நேற்றுக் காய்ச்சின கூழ் அப்பிடி!

றொசாந்தி: அம்மான்ரை கூழை நானும் ரெண்டு கோப்பை குடிச்சனான். எனக்கேன் நோகேல்லை?

யசிந்தா: உனக்குக் கல்லும் செமிக்கும். தள்ளு, திருக்கை மீனை வெட்டி முடிக்கவேணும்.

றொசாந்தி: தலையிடி?

யசிந்தா: கொஞ்சம்.

றொசாந்தி: கண்ணுக்கை மின்னுதோ?

யசிந்தா: ...வெயில்.

றொசாந்தி: குசினிக்கை, அடுப்படியிலையோ வெயில்?

யசிந்தா: விசர்க்கதை கதையாதை. பின்னேரம் மாமி நல்லெண்ணெய் போட்டு நல்லா உரஞ்சி விட்டா எல்லாம் இறங்கிப்போடும்.

றொசாந்தி: பொறுங்கோ பொறுங்கோ... இந்தத் திருக்கைக்கை கிடக்கிறது ஈரலோ?

யசிந்தா: ஓம்.

றொசாந்தி: ஒருக்கா அமத்திப் பாக்கட்டே?

யசிந்தா: கையை எடடி! பிஞ்சுபோடும். ஈரலைப் பூ மாதிரி எடுக்கவேணும். மீன்பிடிக்கிற குருநகரிலை பிறந்த உனக்கு நான் சொல்லித் தரவேணுமே?

றொசாந்தி: அப்ப... நீங்கள் விரல் வைச்ச இடத்திலை உங்களுக்கு என்ன கிடக்கு?

யசிந்தா: வாயு எண்டு சொன்னன்தானே...

றொசாந்தி: ஈரல், மச்சாள். பிரஷர் நல்லா ஏறினா சில பிள்ளைத்தாச்சியளுக்கு ஈரலும் வீங்கும். சிலவேளை அதின்ரை மேல்தோலுக்குக் கீழை ரத்தம் கட்டும். அதிலை போய் உரஞ்சினா...

யசிந்தா: ...வெடிக்குமோ?

றொசாந்தி: எல்லாருக்கும் அப்பிடி வராது. வந்தா வெடிக்கலாம்.

யசிந்தா: அப்ப பிள்ளை?

றொசாந்தி: பிள்ளையும்... நீங்களும்.

யசிந்தா: தள்ளடி, மீன் காயுது.

றொசாந்தி: இதுக்கு ஒரு வழிதான் மச்சாள். பிள்ளையை வெளியிலை எடுக்கிறது.

யசிந்தா: எடுக்கிறது, எடுக்கிறது! எல்லாரும் அதையேதான்...

றொசாந்தி: எல்லாரும் எண்டா ஆர்?

யசிந்தா: ...ஒருத்தருமில்லை. மீனுக்குத் தண்ணி ஊத்து.

றொசாந்தி: மச்சாள்.

யசிந்தா: நேற்றுக் கிளினிக்கிலை பிரஷரைப் பாத்திட்டு, இப்பவே ஆஸ்பத்திரி வாட்டிலை நிக்கச் சொன்னவை. ரத்தமும் எடுத்தவை. பிள்ளையை எடுக்கவேண்டி வருமாம். உடுப்பு எடுத்துக்கொண்டு வாறன் எண்டு போட்டு வந்திட்டன்... எடி, முந்தினதை முப்பது கிழமையிலை எடுத்து, மூண்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்கை வைச்சுப் பாத்தனான். நாலாம் நாள் பெட்டி வெறும்பெட்டி. இதுக்கு முப்பத்துமூண்டுதான். இன்னும் ரெண்டு கிழமை உள்ளுக்குக் கிடக்கட்டும் எண்டு... கொண்ணருக்குச் சொல்லிப்போடாதை.

றொசாந்தி: அண்ணைக்கு இன்னும் சொல்லேல்லை. காலமை எனக்கு அந்த வாட்டிலைதான் ட்ரெயினிங், மச்சாள். பதினாலாம் கட்டிலிலை உங்கடை பேர் போட்டிருக்கு, பெட்ஷீட்டிலை ஒரு சுருக்கமில்லை. ரத்த ரிப்போட்டும் வந்திட்டுது, ஈரல் சரியில்லை. வந்த உடனை பேசினா நீங்கள் கதவைப் பூட்டிப்போட்டு இருப்பியள் எண்டுதான் விரலிலை தொடங்கினனான்... ஓட்டோ ஒழுங்கை முடக்கிலை நிக்குது, கையைக் கழுவுங்கோ.