பச்சையாகவே இருந்த சந்து

எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கு இரண்டு கதவு எண்கள். மந்தைவெளியில் என் வீடு பழைய எண் பதினான்கு, புதிய எண் முப்பத்தொன்று. கூரியர்காரர்கள் படும் பாட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள், இன்ஸ்பெக்டர். நான் பட்டது அதைவிட நூறு மடங்கு.

ஓய்வு பெற்ற பிறகு, மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததாக மக்கள் கொடுத்த புகார்களை இணையத்தில் தேடிச் சேர்த்தேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று போட்டு வைத்தவைதான். ஆனால் பாதி கோணல்மாணலாக ஸ்கேன் செய்தவை. மூன்று வருடம் மண்டை காய்ந்து, தெருவாரியாக ஒரு வரைபடம் செய்தேன். தண்ணீர் ஏறும் தெரு சிவப்பு, ஏறாதது பச்சை. அதை இணையத்தில் போட்டேன். தி.நகரில் ஓர் அரங்கில் பெரிய திரையில் காட்டினேன், கைதட்டினார்கள். மழை வந்தால் சிவப்புத் தெருக்களுக்கு மட்டும் வேன் அனுப்புவது என்று ஒரு தன்னார்வலர் குழு முடிவெடுத்தது.

அதற்குப் பிறகுதான் நஸ்ருன்னிசா வந்தார். அடையாற்றங்கரைச் சந்து ஒன்றில் தையல் வேலை செய்பவர்.

"எங்க சந்து பச்சையா கீது சார். வருசா வருசம் முட்டி வரிக்கும் தண்ணி. அத்தினி பேரும் கம்ப்ளைண்ட் குட்துக்கீறோம்."

"விலாசத்துல எந்த நம்பர் போட்டீங்க?"

"பழைய நம்பர்தான். புது நம்பர் யாருக்கு சார் தெரியும்?"

அவர் போனதும் பார்த்தேன். அறுபத்து மூன்று புகார்கள். புதிய எண்ணோடு பொருந்தவில்லை என்று நான்தான் மொத்தமாக நீக்கியிருந்தேன். அவர் சொன்னது சரி. அந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. கைதட்டு வாங்கிய வரைபடத்தில் ஒரு தையல்காரம்மா தப்பு கண்டுபிடிப்பதா? அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

டிசம்பரில் வெள்ளம் வந்த அந்த வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் போன் செய்தார்.

"கல்யாணராமன் சார், மாமியாரால நடக்க முடியாது. வேன்காரங்க, மேப்புல பச்சையா கீது, வர முடியாதுன்றாங்க. ஒரு கலர மாத்த இன்னா சார் கஷ்டம்?"

கஷ்டமே இல்லை. இரண்டு தட்டு தட்டினால் போதும். ஆனால் அன்று ஊரே அந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு நிறம் மாறினால் மற்ற தெருக்களை யார் நம்புவார்கள்? நான் யோசித்தது ஊருக்காக.

எட்டரைக்குள் ஐந்து முறை அழைத்துவிட்டார். ஐந்தாவது முறை, "மாத்திட்டேம்மா. வேன் கிளம்பிடுச்சு. வீட்டை விட்டு எங்கேயும் போகாதீங்க" என்றேன். அதன்பின் அவர் அழைக்கவில்லை. நிம்மதியாக வேலை பார்க்க முடிந்தது.

மாமியாரைக் கட்டிலோடு தூக்கிப் போகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்களாம். வேன் வருகிறது, நீங்கள் போங்கள் என்று நஸ்ருன்னிசாதான் அனுப்பிவிட்டாராம். உங்கள் ஏட்டு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எழுதிக்கொள்ளுங்கள். நிறத்தை மாற்றவில்லை. வேன் கிளம்பவில்லை. பொய் சொன்னது நான். அதை நம்பித்தான் இரண்டு பேரும் உள்ளேயே இருந்து செத்தார்கள்.

இதையும் சேர்த்து எழுதுங்கள். தண்ணீர் வடிந்த அன்றே அறுபத்து மூன்று புகார்களையும் ஏற்றிவிட்டேன். அவர்கள் வீட்டைப் பழைய எண், புதிய எண் இரண்டும் போட்டுக் குறித்திருக்கிறேன். சந்து இப்போது சிவப்பு. இனி அந்த வரைபடத்தில் ஒரு பிழை காட்டுங்கள், பார்க்கலாம்.