நான்கு நிறத்தில் ஒரு கூட்டம்

என் மகள் தலைமேல் சத்தியமாகச் சொல்கிறேன் இன்ஸ்பெக்டர் ஐயா, இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. எண்ணெய் வண்ணம் காய்வதற்கு நாளாகும். பொறுமை இல்லாதவன் சுவருக்கு வெள்ளையடிக்கப் போகலாம். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அதற்கும் லாயக்கில்லை.

அச்சுக்கூடத்துக்கு மேலே உள்ள மாடி ஹாலில், பணி ஓய்வு பெற்றவர்களுக்கு நடக்கிற ஓவிய வகுப்பு அது. வாத்தியார் ஒரு பழைய எக்ஸ்பிரஷனிசப் படத்தைக் காட்டினார். சாயங்காலத் தெருவில் ஒரு கூட்டம் நம்மை நோக்கி வருகிறது. எல்லா முகத்திலும் பீதி, எல்லா முகமும் பச்சை. அதை நாங்கள் திரும்ப வரைய வேண்டும். வெள்ளை, கறுப்பு, மஞ்சள், சிவப்பு என்று நான்கே டியூப். கறுப்பில் மஞ்சளைக் குழைத்தால் ஒரு நோயாளிப் பச்சை வரும். அதை வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும். சிறந்த படத்தை நகர மண்டபத்தில் மாட்டிப் பதக்கமும் தருவார்கள்.

அந்த இடம் எனக்கென்றுதான் இருந்தது, என் மகளின் மாமனார் வகுப்பில் வந்து சேரும்வரை. வாழ்நாளெல்லாம் மெத்தை விற்றவர். அவர் வரைந்த கூட்டத்திலும் ஆளாளுக்குப் பஞ்சு அடைத்திருந்தது.

"என்ன சம்பந்தி, உங்க ஆளுங்க பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி இருக்காங்க. பயமே தெரியலையே" என்றார் ஒருநாள்.

"உங்க ஆளுங்க மட்டும் என்னவாம்? சாப்பிட்டுட்டுப் படுக்கப் போறாங்க."

"இருக்கட்டுமே. பச்சை பிரமாதம்னு வாத்தியாரே சொல்லிட்டாரு."

காலுறைக்குள் ஒரு பச்சை டியூபைச் சொருகிக்கொண்டு வந்தால் யாருக்குத்தான் பிரமாதமாக வராது? நான் பார்த்தேன். வாத்தியாரிடம் சொல்லவில்லை. கோள் சொல்வது என் வழக்கமில்லை.

ஆனால் பயத்தைப் பற்றி அவர் சொன்னது உறுத்தியது. வகுப்பில் இருந்ததெல்லாம் வயிறு நிறைந்த முகங்கள். வண்ணம் குழைக்கிற ஆளிவிதை எண்ணெயைத் துடைத்த துணிகளைக் குவித்து வைக்காதீர்கள், தானாகப் பற்றிக்கொள்ளும் என்று வாத்தியார் ஓயாமல் சொல்வார். அந்த மந்தையில் அதைக் காதில் போட்டுக்கொண்டவன் நான் ஒருவன்தான். துணிகளை எல்லாம் பொறுக்கி மூலைக் கூடையில் அழுத்தி வைத்தேன். மறுநாள் வகுப்பு நடக்கும்போது கூடை புகைந்தது. என் படத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து தாழ்ப்பாள் போட்டேன். கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் உண்டு. அதன் வழியே பார்த்து வரைந்தேன்.

முதல்முறையாக அவர்கள் முகத்தில் ஏதோ ஒன்று தெரிந்தது.

"கதவைத் திறங்க சம்பந்தி" என்றார் அவர், இருமலுக்கு நடுவில்.

"அசையாம நில்லுங்க. மூக்கு இன்னும் முடியல."

நின்றார். அவரைப் பற்றிச் சொல்ல எனக்கிருக்கும் ஒரே நல்ல வார்த்தை அதுதான். கொஞ்ச நேரத்தில் யாருமே அசையவில்லை. வரைகிறவனுக்கு அது இன்னும் வசதி.

வகுப்பு முழுவதையும் நான்தான் கொன்றேன். ஆனால் நான்கு நிறத்தைத் தாண்டவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று எத்தனை முறை சொல்வது? நீங்கள் பேனாவையே திறக்கவில்லை.

வெளியே பெஞ்சில், கழுத்தில் பதக்கத்தோடு, என்னை வீட்டுக்குக் கூட்டிப்போகக் காத்திருப்பவர் என் சம்பந்தி.