வேலியாலை வந்த தண்ணி

— அந்த அலவாங்கு இரும்பைக் கீழை வை, சுபாஸ்கரன். வைச்சிட்டுக் கதை.

— வைக்கேலாது. உம்மடை தண்ணி இறைக்கிற ஓஸ் குழாய் ஏன் வேலி ஓட்டைக்குள்ளாலை என்ரை வளவுக்கை கிடக்குது, மார்க்கண்டண்ணை? முதல் அதைச் சொல்லும்.

— கமலாவதி, நீ உள்ளை போ.

— நான் ஏன் போறன்? உவன் வேலிக் கடப்பைத் தள்ளிக்கொண்டு அலவாங்கோடை வந்து நிக்கிறான், என்ரை மனிசனைத் தனிய விட்டிட்டு உள்ளை போறதோ? என்னடா தம்பி நடந்தது?

— புது வீட்டுச் சுவர் விழுந்திட்டுது, அக்கா. உங்கடை வேலிப்பக்கச் சுவர். பலகை அடைச்சு, செம்மண்ணைக் கொட்டி, சாண் சாணாய் நான் இடிச்சு எழுப்பின சுவர். என்னோடை வேலை செய்யிற சந்தியோகு அதுக்குக் கீழை நிண்டு, மேலை மூடத் தறப்பாள் கட்டினவன். முழங்காலுக்குக் கீழை சப்பளிஞ்சு போச்சு. எலும்பு வெளியிலை தெரியுது.

— சன்னிதி முருகா.

— மண்ணைக் கையிலை எடுத்துப் பாத்தன். களி. அடியெல்லாம் ஊறிக் கிடக்குது. மழை ஒரு துளியும் இல்லை. மகள் தர்சிகாவுக்கு டெங்கு எண்டு நானும் மனிசி சிவகௌரியும் கிழமை முழுக்க யாழ்ப்பாணத்திலை ஆஸ்பத்திரியோடை கிடந்தம், இண்டைக்கு மத்தியானந்தான் திரும்பினம். ஆளில்லாத வளவுக்கை ஆர் தண்ணி விட்டது?

— சந்தியோகு உயிரோடை இருக்கிறானோ?

— கேட்டதுக்கு மறுமொழி சொல்லும். தண்ணி விட்டது நீரோ?

— ஓம். நான்தான்.

— தம்பி, அவர் எதுக்கு விட்டவரெண்டு—

— நீங்கள் கதைக்காதேங்கோ அக்கா. அவர்ரை வாயாலையே வந்திட்டுது. இந்த வேலிக்காக என்ரை அப்பாவை வழக்குப் போட்டுக் கோட்டுக்கு இழுத்தவர், அப்பா செத்தும் ஆத்திரம் அடங்கேல்லை. மண்ணாலை வீடு கட்டுறான், மழைக்குக் கரையப்போகுது எண்டு கீரிமலை முழுக்கச் சொல்லிச் சிரிச்சனி. கரையேல்லை எண்டவுடனை நீயே கரைச்சுப்போட்டாய், என்ன?

— நான் சொல்லுறதைக் கேள், தம்பி—

— கேக்கேலாது. இந்தா வாங்கு.

— ஐயோ, ஐயோ. தலையிலை போட்டிட்டான். விடடா அவரை. ரத்தமடா. நீ மனிசனோ?

— விலகுங்கோ அக்கா. காலையும் முறிச்சுப்போட்டுத்தான் போவன். சந்தியோகு கத்தின மாதிரி இவனும் கத்தவேணும்.

— அப்ப என்னை முதல் அடிச்சு விழுத்து. அடியன். நாசமறுவான், உன்ரை சுவரை விழுத்தவோ அவர் தண்ணி விட்டவர்? புதுச் சுவர் வெய்யிலிலை காயுது, தண்ணி காட்ட ஒருத்தரும் இல்லை, வெடிச்சுப் போகப்போகுது, பிள்ளையைக் காய்ச்சலிலை போட்டிட்டுப் பெடியன் என்ன செய்வான் எண்டு என்னைப் பிடிச்சு ஒரே புலம்பல். கடைசியிலை வெங்காயத்துக்கு விடுற தண்ணியை உன்ரை பக்கம் திருப்பினவர். போய்ப் பார், எங்கடை பாத்தி காஞ்சு வெளிச்சுப்போய்க் கிடக்குது.

— சீமெந்துச் சுவருக்கெல்லோ அக்கா தண்ணி காட்டுறது. இது வெறும் மண். சீமெந்து ஒரு பிடியும் போடேல்லை. இதைத் தன்ரை பாட்டிலை காய விடவேணும்.

— அது அவருக்கு எப்பிடியடா தெரியும்? ஆயுள் முழுக்க அவர் கண்டது கல்லும் சீமெந்தும். ஒருநாள் வேலியடியிலை நிண்டு, அண்ணை, இது இப்பிடித்தான் எண்டு ஒரு சொல்லுச் சொன்னனியோ? உன்ரை கொப்பர் கதைக்காமல் விட்டவர், நீயும் கதைக்காமல் விட்டாய்.

— அண்ணை. அண்ணை, கண்ணைத் திறவுங்கோ. அக்கா, சீலைத் தலைப்பாலை அமத்திப் பிடியுங்கோ, இன்னும் இறுக்கி. நான் ஒரு விசரன், ஆத்திரத்திலை அடிச்சுப்போட்டன். சந்தியோகுவுக்கு அம்புலன்ஸ் சொல்லியிருக்கு, அதிலையே உங்களையும் கொண்டுபோறன். தாங்கிக்கொள்ளுங்கோ.

— சந்தியோகு... இப்ப எங்கை?

— கதைக்காதேங்கோ அண்ணை. ரத்தம் கூட வருது.

— எங்கை கிடத்தினனீங்கள், சொல்லு.

— பின்பக்கச் சுவரின்ரை நிழலிலை. கட்டின ரண்டிலை அது ஒண்டுதான் மிஞ்சி நிக்குது. சிவகௌரி சுவரிலை சாஞ்சு, அவன்ரை தலையை மடியிலை வைச்சுக்கொண்டு இருக்கிறாள். தர்சிகாவும் பக்கத்திலை இருந்து விசிறுறாள்.

— என்னை விட்டிட்டு ஓடு, தம்பி. இண்டைக்குக் காலமை முழுக்க அந்தச் சுவருக்குத்தான் பின்னாலை தண்ணி விட்டனான்.