தண்ணீர் நின்ற உயரம்

— அவ்வளவு உசரத்துல வேண்டாம் லோரென்ஸ். ஏணியவிட்டு இறங்கு.

— தண்ணி இங்கதான் நின்னுச்சு, தலைவரே.

— எங்க நின்னுச்சுன்னு எனக்கும் தெரியும். சேத்துக்கறை இன்னும் சுவர்ல இருக்கே. ஆனா கல்தச்சன் நாளைக்கு வந்து உளிய வெச்சுட்டான்னா அப்புறம் அழிக்க முடியாது. இறங்கி வா. ஹெட்விக் உருளைக்கிழங்கு சூப் குடுத்து விட்டிருக்கா. நீ சாப்பிடறதே இல்லைன்னு என் பொண்டாட்டிக்கு ஒரே கவலை.

— வெச்சுட்டுப் போங்க.

— போன வாரம் வெச்ச பாத்திரம் அப்படியே வாசல்ல கெடக்கு.

— பசிக்கல.

— சரி. சொல்றேன் கேளு, தம்பி. நேத்து சாப்பாட்டுக் கடையில ஊர்க்காரங்க எல்லாரும் என்னப் பிடிச்சுக்கிட்டாங்க. பாலத்தத் தாண்டினா மொதல்ல தெரியுறது உன் வீட்டுச் சுவர். மாடி ஜன்னலுக்கு மேல வெள்ளம் நின்ன கோடு வெட்டியிருந்தா, வைன் குடிக்க வர்றவன் அண்ணாந்து பாத்துட்டு வண்டியத் திருப்பிருவான். குனிபெர்ட் அவன் வீட்ட விக்கப் பாக்குறான், எவன் வாங்குவான்? கொஞ்சம் கீழ வெட்டச் சொல்லு, உர்பான்னு என்கிட்ட சொல்லி அனுப்பியிருக்காங்க.

— எல்லாரும் பாக்கணும்னுதான் வெட்டுறேன்.

— வீம்பு பண்ணாத.

— பின்சுவர் பேந்து என் பொண்டாட்டி ஆத்தோட போயி அடுத்த மாசம் ஒரு வருஷம். இது வீம்பா?

— நான் அப்படிச் சொல்லல. இல்காவ ஊருக்கே பிடிக்கும். நம்ம பள்ளிக்கூடத்துக்கு அவள மாதிரி ஒரு டீச்சர் வந்ததில்ல.

— குளிர் போனதும் மூணாங்கிளாஸ் பசங்கள இங்க கூட்டிட்டு வருவா. இந்தச் சுவர் முன்னால நிக்க வெச்சு ஊர்ப்பாடம் நடத்துவா. ஆறு எங்க வளையுது, மலை ஏன் இப்படி நெருக்குது, எல்லாம்.

— எனக்குத் தெரியாதா? என் பேத்தி வீட்டுக்கு வந்து எனக்கே பாடம் எடுப்பா. ரோமாக்காரன் திராட்சை நட்டான், பிரெஞ்சுக்காரன் சர்ச் மணிய உருக்கினான். தாத்தா, நீ என்ன பண்ணினன்னு கேப்பா.

— கடைசியில சுவர்ல இருக்குற பழைய வெள்ளக்கோட்ட எக்கித் தொடச் சொல்லுவா. ஆறு வந்ததுலயே பெரிசா வந்தது இதுதான்னு சொல்லுவா.

— பசங்களுக்கு அவ்வளவு போதும்.

— உங்களுக்கு?

— சொல்றேன் கேளு. கோவப்படாத. கீழூர்ல வெட்டியிருக்குற கோட்டப் பாத்திருக்கியா? முழங்கால் உசரம். அவனுங்களுக்கு வந்தது ஏதோ கால் கழுவின தண்ணி மாதிரி. ஆனா அங்க மாடு கன்னெல்லாம் மிதந்துச்சு. எல்லா ஊர்லயும் இதுதான் வழக்கம். வெள்ளம் வடிஞ்சதும் பெரிய மனுஷங்க உக்காந்து ஆளுக்கு ஒரு கிளாஸ் குடிச்சிட்டு, எங்க வெட்டலாம்னு பேசி முடிப்பாங்க. நின்ன எடத்துல யாரும் வெட்டினதில்ல.

— இந்தப் பழைய கோடு?

— அதுவும்தான். அன்னிக்குத் தண்ணி உன் மாடி ஜன்னலத் தொட்டுச்சுன்னு எங்க வீட்டுப் பேச்சு. ஒரு ஆள் உசரம் கொறைச்சு வெட்டினாங்க. உள்ளபடி வெட்டியிருந்தா இந்த ஊருக்கு எவன் பொண்ணு குடுத்திருப்பான்?

— இது யாருக்கெல்லாம் தெரியும்?

— இங்க பொறந்த எல்லாருக்கும் தெரியும். நம்ம ஆளுங்க சுவரப் பாக்க மாட்டாங்க. மணி அடிச்சா பேசாம சர்ச் மேட்டுக்கு ஏறிடுவாங்க. இதனால ஒருத்தருக்கும் கெடுதல் வந்ததில்ல, தம்பி.

— நாங்க இங்க பொறக்கல.

— சரி, வெளியூர்க்காரங்ககிட்ட இதை யாரு சொல்லுவா? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அன்னிக்கு மணி அடிச்சப்ப நானே உன் வாசல்ல நின்னு கூப்பிட்டேன். இல்கா மாடி ஜன்னல்லேர்ந்து கையாட்டி, நீங்க போங்கன்னா. மூணு தடவ கூப்பிட்டேன். சிரிச்சுட்டே நின்னா. ஏன் வரலைன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல.

— அப்ப நான் அவகிட்ட போன்ல பேசிட்டிருந்தேன். வேலைக்குப் போன எடத்துல ரோடு அடைஞ்சு மாட்டிக்கிட்டேன். நீயும் மேட்டுக்கு ஏறு இல்கான்னு கெஞ்சினேன்.

— என்ன சொன்னா?

— பழைய கோட்டுக்கு ஒரு ஆள் உசரம் மேல நிக்கிறேன், பயப்படாதன்னா.