இழுவையில் நின்றவை

தேநீருக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. சர்க்கரை சற்றுக் குறைவு, பரவாயில்லை.

ஹெல்வான் பீங்கான் ஆலையில், மின்கோபுரங்களுக்கான பீங்கான் வட்டுகளைச் சோதிப்பது என் வேலை. உயரத்தில் மின்கம்பியைத் தாங்குபவை அவை. பழுதுபார்க்க ஏறுபவனின் எடையையும் அவையே தாங்க வேண்டும். தொகுதிக்குச் சில வட்டுகளை எடுத்து எந்திரத்தில் பூட்டி இருபுறமும் இழுப்பேன். உடையாமல் நின்றால், சுத்தியலால் நானே உடைப்பேன். இழுபட்ட பீங்கானுக்குள் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஓடியிருக்கலாம். ஆகவே சோதனைக்கு வந்த எதுவும் கோபுரம் ஏறக் கூடாது என்பது எங்கள் வழக்கம்.

கோபுரம் ஏறும் ரகப் என் நண்பன். வட்டுகளை ஏற்றிச்செல்ல வரும்போதெல்லாம் அவரைக்கூழ் பொதிந்த ரொட்டியும் கேலியும் கொண்டுவருவான். என்னை உஸ்தா, அதாவது மேஸ்திரி, என்றே கூப்பிடுவான்.

"உஸ்தா ஃபிக்ரி, ஜெயிச்சவனையும் தூக்குல போடுற ஒரே நீதிபதி நீதான்யா."

"உள்ள கீறல் இருக்கும்டா."

"பாத்தியா?"

"பாக்க முடியாது."

"அப்ப உனக்கே தெரியாது. ஒடச்சே பொழப்ப ஓட்டிட்ட, புண்ணியவான்."

அவன்மேல் எனக்குக் கோபமில்லை, இதைப் பதிந்துகொள்ளுங்கள். களைப்புதான். நான் உடைத்தவற்றில் எவை குற்றமற்றவை என்பது தெரியாமலே சுத்தியலை ஓங்குவது, தோள்வலியைவிடக் கொடியது.

பெருநாளுக்கு முன், இழுவையில் நின்ற வட்டொன்றைத் துடைத்து, புதியவற்றோடு அவன் வண்டியில் நானே ஏற்றினேன்.

"பாத்துப் போடா."

"நீ ஒடைக்காம விட்டதே பெரிசு," என்று சிரித்தான்.

வட்டு உடைந்து, கம்பியோடு அவன் விழுந்து இறந்த செய்தி வந்தபோது எந்திரத்துக்கு எண்ணெயிட்டுக்கொண்டிருந்தேன். அழுதேன். அவன் மனைவி புஸைனாவுக்குச் சோறு கொண்டுபோனேன். "அண்ணே, உங்க கை பட்ட சாமான் ஒடையாதுன்னு சொல்லுவாரே," என்றாள். சோற்றைத் தட்டில் போட்டுக் கொடுத்தேன்.

மற்றக் கோபுரங்களைப் பற்றிக் கேட்கிறீர்கள். இன்று காலையும் ஆட்கள் ஏறியிருப்பார்கள் என்பதை அறிவேன். ஆனால் ஒரேயொரு சோதனை மாதிரியை மட்டும் கொண்டு முடிவெழுதக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். ரகபின் வட்டு தற்செயலாகவும் உடைந்திருக்கலாமே. "பாத்தியா?" என்று கேட்டவனுக்கு முழுமையான விடை தருவதுதானே நட்பு? எனவே, அவனை அடக்கம் செய்து திரும்பியதிலிருந்து, இழுவையில் நின்றவற்றையெல்லாம் புதியவற்றோடு அனுப்பிவிட்டேன். எவை எங்கே தொங்குகின்றன என்று எனக்கே தெரியாது; வேறுபாடு தெரியாதபடி நன்றாகத் துடைத்தேன்.

தோள் இப்போது வலிப்பதில்லை. சுத்தியலைக் கீழே வைத்த பிறகு, ஐயா, நான் எதையுமே உடைக்கவில்லை.