ஞாயிறு காலை பத்து மணி

நான் சோம்பேறி, சார். குடையை எடுக்க மறுபடி மாடி ஏற அலுத்துக்கொண்டு நனைந்தபடியே ஆபீஸ் வந்தவன். என் மனைவியைக் கேளுங்கள், சத்தியமே செய்வாள்.

எங்கள் கணினித் தடயப் பிரிவில் ஒரு விதி உண்டு. பறிமுதல் செய்த டிஸ்க்கை நேராக நம் கணினியில் செருகக் கூடாது. நடுவில் ஒரு சின்னப் பெட்டி வைக்க வேண்டும். அது படிக்க விடும், எழுத விடாது. அன்று அந்தப் பெட்டி பக்கத்து அறையில் இருந்தது. பதினாறு அடி. நான் போகவில்லை.

டிஸ்க் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரருடையது. ஒரு கிடங்கைக் கொளுத்துவேன் என்ற மிரட்டல் கடிதம் அதில் இருந்தது. கிடங்கு எரிந்து காவலாளி செத்திருந்தார்.

"எவனோ பிரிண்ட் போடணும்னு காப்பி பண்ணான், அப்புறம் வேணாம்னு போயிட்டான் சார். நான் தொறந்துகூடப் பாக்கல" என்றார் கடைக்காரர்.

உண்மைதான். திறந்தவன் நான். திறந்த தேதி என்று அன்றைய தேதி பதிந்துவிட்டது. டிஸ்க் எங்கள் பொறுப்பில் இருந்த தேதி. விட்டால் இருபது வருட சர்வீஸ் கந்தல். திருத்தினேன். தீப்பிடிப்பதற்கு மூன்று நாள் முன்பு, ஞாயிறு காலை பத்து மணி. அதன் பிறகு முறைப்படி நகல் எடுத்தேன். அசலும் நகலும் அச்சு அசலாகப் பொருந்தின. பொருந்தாமல் என்ன செய்யும்?

திறக்காததாகவே மாற்றியிருக்கலாமே என்கிறீர்கள். மாற்றியிருக்கலாம். ஆனால் இன்ஸ்பெக்டர் வாசலில் நின்று, "ஏதாச்சும் தேறுச்சாய்யா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பாவம், வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை.

"மனுஷன் பொய் சொல்வான், மெஷின் சொல்லாது" என்றேன் கோர்ட்டில். கடைக்காரருக்கு ஆயுள் தண்டனை.

கோர்ட் படிக்கட்டில் அவர் மனைவி மறித்தாள். "அண்ணா, அந்த மெஷின் தப்பா காட்டியிருக்குமா?"

"இருக்காதும்மா."

நான் கல்நெஞ்சன் இல்லை, சார். ஏழு வருடமாக அவள் கடைக் கணினியை ஓசியில் பழுது பார்ப்பவன் நான்தான்.

பறிமுதல் செய்த அன்றே கடையில் வைத்து வேறொருவர் எடுத்த நகல் ஒன்று, அலுவலகம் இடம் மாறும்போது பீரோவுக்குப் பின்னாலிருந்து விழும் என்று யார் கண்டார்? அதில் அந்தக் கடிதம் திறக்கப்படவே இல்லை. நீங்கள் என்னை விசாரிக்கும் இந்த அறைக் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடியும் இல்லை. எலிப்பொறி பற்றி வகுப்பெடுத்த எலி நான்.

ஏன் ஞாயிறு என்று கேட்டீர்கள். மற்ற நாட்களில் அவளும் கடையில் இருப்பாள். ஞாயிறு காலையில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். அவள் வாக்குமூலத்திலேயே இருந்தது. கூண்டேறிப் புருஷனுக்காகச் சாட்சி சொல்லும் கஷ்டம் அந்தப் பெண்ணுக்கு வேண்டாமே என்றுதான், சார், நிதானமாக யோசித்து அந்த நேரத்தை வைத்தேன்.