சுவிட்சில் தொங்கிய விசில்

குளத்துத் தண்ணீர் நீலம் இல்லை, மேடம். அடியில் பதித்த டைல்ஸ்தான் நீலம். ஓட்டலுக்கு வருகிற பிள்ளைகள் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, ஏமாந்துபோய் என் முகத்தைப் பார்க்கும். எனக்குச் சிரிப்பு வரும். பெரியவர்களும் அப்படித்தான், கண்ணால் பார்த்ததை அப்படியே நம்பிவிடுவார்கள். நான் எதையும் இரண்டு தடவை யோசிக்கிறவன்.

பெயர் பெருமாள்சாமி, ஊர் கன்னிவாடி என்று எழுதிக்கொண்டீர்கள். குளத்தைப் பார்த்துக்கொள்ளும் இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். மதுரை, பழனி, கொடைக்கானல் என்று நீச்சல் குளம் இருக்கிற ஓட்டல் படியெல்லாம் ஏறினேன். எங்கே போனாலும் ஒரே கேள்வி, நீச்சல் சர்டிபிகேட் இருக்கா. தோட்டத்துக் கிணற்றில் நீந்திப் பழகியவனுக்கு எவன் சர்டிபிகேட் கொடுப்பான்? ஒரு இடத்தில் குதித்துக் காட்டுகிறேன் என்று சட்டையைக் கழற்றினேன். வாட்ச்மேனை விட்டு வெளியே தள்ளினார்கள். வீட்டில் என் மனைவி அய்யம்மாள் சோற்றைப் போடும்போதெல்லாம், "இந்த மனுசனுக்கு எவன் வேலை குடுப்பான்" என்று சட்டியிடம் கேட்பாள். கடைசியில் திண்டுக்கல் பைபாஸ் ஓட்டலில் மேனேஜர் டோனி சார்தான் சர்டிபிகேட் கேட்காமல் எடுத்துக்கொண்டார். அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் உண்டு.

கோடை சீசனுக்கு முன்னால் விக்னேஷ்குமார் வந்தான். சித்தையன்கோட்டைக்காரன், இளவட்டம். கையில் பைல், பைலுக்குள் சர்டிபிகேட். "அண்ணே, இந்தத் தம்பிக்கு வேலையெல்லாம் காட்டிக் குடுங்க" என்றார் டோனி சார். ஒரு குளத்துக்கு எதற்கு இரண்டு ஆள், நீங்களே சொல்லுங்கள். நான் கேட்கவில்லை. கேட்டால் மட்டும் உண்மையா சொல்லப்போகிறார்கள்?

அப்புறம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. நான் கிட்டே போனால் இரண்டு பேரும் பேச்சை நிறுத்துவார்கள். ஒருநாள் டோனி சார் என் சட்டை அளவு கேட்டார். என் யூனிபார்மைப் பிடுங்கி அவனுக்குப் போட்டால் பொருந்துமா என்று பார்க்கத்தான் கேட்கிறார் என்று தெரிந்துகொண்டேன். இன்னொரு நாள் நான் வலை போட்டு இலை அள்ளிக்கொண்டிருந்தேன். அவன் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணே, ஒட்டன்சத்திரம் பக்கம் ஒங்களுக்கு ஒத்துவருமா?"

"ஏன்டா கேக்குற?"

"சும்மாதாண்ணே" என்று சிரித்தான்.

ஒட்டன்சத்திரத்தில் என்ன இருக்கிறது? காய்கறி மார்க்கெட். போய் மூட்டை தூக்கு என்று சொல்லாமல் சொல்கிறான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. திரும்பவும் ஓட்டல் ஓட்டலாக ஏறி இறங்க வேண்டும், அய்யம்மாள் திரும்பவும் சட்டியிடம் கேட்பாள். பயந்தேன், மேடம். அதை மறைக்கவில்லை. ஆனால் அவன் மேல் எனக்குக் கோபம் துளிகூடக் கிடையாது. சோற்றுக்குக் கொண்டுபோன வெஞ்சனம் ருசியாக இருந்தால் அவனுக்கும் ஒரு பங்கு வைத்துத்தான் தின்பேன்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஆழமான பக்கத்தில், குளத்தின் அடியில் ஒரு சல்லடை மூடி இருக்கும். மோட்டார் அதன் வழியாகத்தான் தண்ணீரை இழுத்து, சுத்தம் செய்து, திருப்பி விடும். மூடியில் இலையும் முடியும் அடைந்தால் முங்கிப்போய்க் கையால் எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் மோட்டாரை நிறுத்தி, சுவிட்சில் ஒரு விசிலை மாட்டிவிடுவோம். விசில் தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். அவன் மேலே வரும்வரை முதலாளியே வந்தாலும் சுவிட்சைத் தொடக்கூடாது. இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவனே நான்தான். விக்னேஷ் தனக்கென்று ஒரு விசில் வாங்க பேகம்பூர் கடைக்குக் கிளம்பினான். "எதுக்குடா வெட்டிச் செலவு, என்னோடத மாட்டிக்கலாம்" என்று நான்தான் நிறுத்தினேன்.

அன்றைக்குக் காலையில் குளத்தில் யாரும் இல்லை. அடைப்பு இருக்கிறது என்று அவனை இறங்கச் சொன்னேன். அடைப்பு இருந்ததா என்று நேற்று கேட்டீர்கள். இல்லை. முந்தின நாள்தான் சுத்தம் செய்திருந்தேன். அப்போதே மூடியின் ஸ்குரூவையும் கழற்றி வைத்துவிட்டேன். துருப்பிடித்துவிடக்கூடாதே என்றுதான். "மூடி ஆடும்டா, தூக்கிட்டு உள்ள கைய விட்டு வழிச்சு எடு" என்று பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

தண்ணீரில் நின்றபடி கேட்டான், "அண்ணே, விசில மாட்டிட்டீங்களா?"

"மாட்டிட்டேன்டா அப்பு. தைரியமா முங்கு."

அது பொய் இல்லை. மாட்டித்தான் இருந்தேன். அவன் முங்கியதும் பக்கத்திலேயே இருக்கிற மோட்டார் ரூமுக்குப் போய், அதை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். கேமராவில் நீங்கள் பார்த்தது அதைத்தான். அது என் விசில், மேடம். என் பொருளை நான் எடுத்தேன். விசில் தொங்காத சுவிட்சைப் போடலாம் என்பதுதானே வழக்கம். போட்டேன்.

குழாயில் ஏதாவது அடைத்தால் மோட்டார் சத்தம் மாறும், இழுத்து இழுத்து உறுமும். அன்றைக்கும் மாறியது. உடனே நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். கையில் டீ இருந்தது. ஆறிப்போனால் எனக்குப் பிடிக்காது. குடித்துவிட்டுச் செத்த நேரம் கழித்து நிறுத்தினேன். கூச்சல் போட்டு ஆளைக் கூப்பிட்டவனும் நான், குதித்து அவனை மேலே தூக்கி வந்தவனும் நான். சர்டிபிகேட் இல்லாதவன்தான் தூக்கினான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

உயிர் போன உடம்புக்குப் பக்கத்தில் டோனி சார் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதார். "அண்ணே, ஒட்டன்சத்திரத்துல நம்ம புது ஓட்டல் வருதுல்ல, அந்தக் குளத்துக்கு ஒங்களத்தாண்ணே சூப்பர்வைசராப் போட்டிருக்கு. புதுச் சட்டைகூட தச்சு வந்திருச்சு. ஒங்க எடத்துக்குத்தான் இவன எடுத்தோம். தெறப்பு விழா அன்னைக்கு அண்ணன்கிட்ட நான்தான் சொல்லுவேன், அதுவரைக்கும் யாரும் வாயத் தெறக்கக் கூடாதுன்னு இவந்தான் ஒத்தக்கால்ல நின்னான்."

நல்ல பையன். முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருந்தால் அவனுக்கு இந்தக் கதி வந்திருக்குமா?

சரி, சொன்னதெல்லாம் உண்மை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். மேஜையில் கவருக்குள் போட்டு வைத்திருக்கிறீர்களே என் விசில், கேஸ் முடிந்ததும் ஞாபகமாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், மேடம். ஒட்டன்சத்திரத்துக்குப் போகும்போது எனக்கு வேண்டும்.